வட்டக் குழி

கூட்டங்களில் நான் பேசுவதில்லை. சொல்ல ஏதாவது இருந்தால் சீதேவிப்பிள்ளை ரீச்சரின் காதில் சொல்வேன். அவர் அதைத் தன் குரலில் எல்லோருக்கும் சொல்வார். எங்கள் கல்லடி வாசிகசாலைச் சங்கத்தில் இது எல்லோருக்கும் பழகிவிட்டது. ரீச்சர் தலைவி. நான் கூட்டக் குறிப்பு எழுதுபவள்.

இரண்டாயிரமாம் ஆண்டு ஏப்ரல் கூட்டத்திலும் அப்படித்தான் நடந்தது.

கொழும்பிலுள்ள ஒரு தொண்டு நிறுவனம் எங்களுக்கு ஒரு கணினி வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. எதை வாங்குவது என்பது எங்கள் முடிவு. ஜூன் பத்தாம் திகதி அவர்களுடைய அலுவலர் வந்து பார்ப்பார். கணினி ஒழுங்காக வேலை செய்தால் வாசிகசாலையில் வகுப்புத் தொடங்கும், படிப்பிக்க ஒருவருக்குச் சம்பளத்தோடு வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் கணினியும் வகுப்பும் தேற்றாத்தீவு வாசிகசாலைக்குப் போய்விடும். படிப்பிக்கிற அந்த ஒருவர் நான்தான் என்று ரீச்சர் முடிவெடுத்திருந்தார். பௌதிகவியலில் பட்டம் எடுத்துவிட்டு இரண்டு வருடமாக நான் வீட்டில் இருந்தேன்.

சங்கச் செயலாளர் அருமைநாயகம் சேர் பளபளக்கும் கடதாசி ஒன்றை மேசையில் விரித்தார். கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

“படத்தப் பாருங்க. உலகம் முழுக்கப் பேர் எடுத்த கம்பனி. மூண்டு வருச உத்தரவாதம். பெட்டிய உடைச்சி, வயரக் குத்தி, சுவிச்சப் போட்டாச் சரி.”

கடதாசி கைமாறி என்னிடம் வந்தது. அடியில் எறும்பு எறும்பாக எழுத்து. கணினியின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கர் கிழிந்திருந்தால், அல்லது வேறு யாராவது அதைத் திறந்திருந்தால், உத்தரவாதம் செல்லாது. நான் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு ரீச்சரின் பக்கம் சாய்ந்தேன்.

ரீச்சர் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். “பூரணி கேக்குது, கொழும்பில இருந்து வாற எந்தப் பெட்டி சென்றியில துறக்காம வந்திரிக்கு எண்டு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருடைய மகளுக்கு வந்த தையல் மெசினைப் புனாணைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் கழற்றிப் போட்டிருந்தார்கள். இன்னொருவரின் பலகாரத் தகரத்துக்குள் கம்பி விட்டுக் குத்திப் பார்த்திருந்தார்கள்.

“பெட்டியத் துறப்பானுகள். கொம்பியூட்டரையுமா துறப்பானுகள்?” என்றார் அருமைநாயகம் சேர்.

நான் மறுபடி சாய்ந்தேன்.

“துறக்காட்டி உள்ளுக்குள்ள என்ன இரிக்கெண்டு அவனுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்குது.”

“அப்ப என்னதான் செய்யச் சொல்றா உங்கட பிள்ள?”

சாமான்களைத் தனித்தனியாக எடுப்பித்து நாங்களே ஒன்றோடொன்று பொருத்திப் பூட்டலாம் என்றேன், காதுக்குள். ரீச்சர் இதை உடனே சொல்லவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தார். “ஆரு பூட்டுறது? நீயா புள்ள?”

தலையாட்டினேன்.

“முன்னப் பின்ன பூட்டியிரிக்காவா?” என்றார் அருமைநாயகம் சேர். இல்லை என்றும் தலையாட்டினேன். “நல்லது. மூக்குத்தி பூட்டுற மாதிரி எண்டு நினைச்சிட்டா போல.”

கை உயர்த்திப் பார்த்தார்கள். ஏழு பேர் பூட்டலாம் என்றார்கள், ஐந்து பேர் கம்பனி என்றார்கள். அருமைநாயகம் சேர் தோல்வியை மரியாதையாக ஏற்றுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து, திகதியும் தொலைபேசி நம்பரும் பதிந்து வைக்கிற டிஜிட்டல் டயறியை எடுத்து அடுத்த கூட்டத் திகதியை அழுத்தி அழுத்திப் பதிந்தார். சுவிஸிலிருந்து மகன் அனுப்பியது. திரையின் மேல் கடையில் ஒட்டிய பிளாஸ்ரிக் தாளை அவர் இன்னும் உரிக்கவில்லை.

ஸ்ரிக்கர் மட்டும்தான் காரணம் என்று நான் சொன்னது முழு உண்மையல்ல. பல்கலைக்கழகத்தில் கணினி அறை கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. நான் அங்கே கணினியில் தட்டியிருக்கிறேன். அதற்குள்ளே என்ன நடக்கிறதென்று பார்த்ததில்லை. பார்க்க வேண்டும்போல் இருந்தது.

றபீக்கா என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்தவள். காத்தான்குடிக்காரி. அவளுடைய நானா, அதாவது அண்ணன், அசனார் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்தார். மூன்று கிழமைக்கு ஒரு தரம் தன் வான் வண்டியில் கொழும்புக்குப் போய்ச் சாமான் ஏற்றி வருவார்.

“கம்பனிக்காரனும் பூட்டுறதுதானேடி,” என்றாள் றபீக்கா. நாங்கள் கடையின் பின்னறையில் இருந்து பட்டியல் எழுதிக்கொண்டிருந்தோம். “டிஸ்க் ஒருத்தன்ட, சிப் இன்னொருத்தன்ட, வயர் வேற எவன்டயோ. இவன் பெட்டிய அடிச்சிப் பேர எழுதுறான்.”

“அப்ப பேருக்கு ஒண்டுமே இல்லையா?”

“இரிக்கி. பழுதாப் போனா ஏசுறதுக்கு ஒரு ஆள் இரிக்கி.”

நான் அதை யோசித்துப் பார்த்தேன். நாங்கள் பூட்டினால் ஏசுவதற்கு இருக்கும் ஆள் நான்.

மே மாதக் கடைசியில் அசனார் நானாவின் வான் வந்தது. பெட்டிகள் எல்லாம் திறந்து மறுபடி மூடப்பட்டிருந்தன. மதர்போட் சுற்றியிருந்த வெள்ளித் தாள் கிழிந்திருந்தது. “நாலு இடத்துல இறக்கி ஏத்தின தங்கச்சி,” என்றார். “ஒவ்வொண்டையும் தூக்கிக் காட்டி, இது டிவி மாதிரி, இது டைப்றைற்றர் மாதிரி எண்டு செல்லிச் செல்லித் தொண்ட காஞ்சி பெயித்து.”

வாசிகசாலையின் பின்னறையில், வாவிப் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே, பழைய படுக்கை விரிப்பைப் போட்டு எல்லாவற்றையும் பரப்பினோம். கணினி பூட்டும் விதத்தைச் சொல்கிற ஒரு போட்டோக் கொப்பிப் புத்தகத்தை றபீக்கா கொண்டுவந்திருந்தாள். திருகாணி முறுக்க என் அம்மாவின் தையல் மெசின் ஸ்குறூட்றைவர். உடம்பிலுள்ள நிலைமின்னால் சிப் எரிந்துவிடும் என்று புத்தகம் சொன்னது. ஒவ்வொரு முறையும் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் மதர்போட்டைத் தொட்டோம்.

மதர்போட் ஒரு பச்சைத் தகடு. நான்கு உள்ளங்கை இருக்கும். ஆற்றுக் கிளைகள்போல ஒரே பக்கம் வளைந்து ஓடும் கோடுகள். ஒன்றையொன்று எங்கும் வெட்டவில்லை. அதையே நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். “படம் பாக்கவா வந்த?” என்றாள் றபீக்கா.

றாம் செருக மூன்று பள்ளங்கள் இருந்தன. எங்களிடம் ஒரு றாம்தான். மற்ற இரண்டும் பின்னாளில் கூட்டுவதற்கு, வெறுமையாக விடலாம் என்றது புத்தகம். அட்டைகள் செருக ஐந்து நீளப் பள்ளங்கள், அதில் நாங்கள் நிரப்பியது இரண்டு. மூலையில் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவில் வட்டமாக ஒரு கறுத்தக் குழி. அதுவும் பின்னாளில் எதற்கோ என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை நான்கு மணிக்குச் சுவிச்சைப் போட்டோம். காற்றாடி சுழன்றது. ஒரு முறை சின்னதாகக் கூவியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அமைப்புகளில் பிழை, தொடர எஃப் ஒன்றை அழுத்தவும் என்றது. திகதி 1998 ஜனவரி ஒன்று. புதுசுதானே, அதற்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி நாள், நேரம், டிஸ்க்கின் விபரம் எல்லாவற்றையும் தட்டிக் கொடுத்தோம். பிறகு அது நல்ல பிள்ளையாக வேலை செய்தது. ரீச்சர் தன் பெயரைத் தட்டிப் பார்த்தார். வாசிகசாலைக் கதவைப் பூட்டுவதற்கு முன் வழக்கம்போல் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலையும் அதே பிழை. அதே 1998 ஜனவரி ஒன்று.

மறுபடி எல்லாம் சொல்லிக் கொடுத்தோம். மூன்றாம் நாளும் மறந்திருந்தது. அப்போது ஜூன் ஐந்து. அலுவலர் வர ஐந்து நாள் இருந்தது. பிழை என்ற சொல்லோடு கண் விழிக்கும் கணினியைத்தான் நான் எழுந்து நின்று அவருக்குக் காட்ட வேண்டியிருக்கும். ஆனால் அதைவிட, ஏன் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

ஒரு கொப்பி எடுத்துக் கோடு போட்டேன். கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றாமல் ஒரு மணி நேரம் விட்டேன். ஞாபகம் இருந்தது. பிளக்கைக் கழற்றி ஒரு நிமிடம் விட்டேன். மறந்தது. அரை நிமிடம். மறந்தது. ஐந்து விநாடி. ஞாபகம் இருந்தது. அதாவது சுவரிலிருந்து கரண்ட் வரும்வரை, நிறுத்தியிருந்தாலும் அது எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. கரண்ட் போனதும் கை விட்டுவிடுகிறது.

புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த உன்னிச்சையில் நாங்கள் இருந்த காலத்தில் பற்றரி கிடையாது. குண்டு செய்ய உதவும் என்று வவுணதீவுச் சென்றியால் பற்றரி கொண்டுபோக ஆமி விடாது. மணிக்கூட்டில் இருப்பதைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்போம். சுற்றுகிற கை ஓய்ந்தால் செய்தி பாதியில் நிற்கும்.

கை ஓய்ந்தாலும் நிற்காமல் இருக்க என்ன வேண்டும்? பற்றரி வேண்டும்.

கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். மூலையில் அந்த வட்டக் குழி. ஒரு விளிம்பில் சிறிய கூட்டல் அடையாளம் பொறித்திருந்தது. அது அங்கே மூன்று நாளாக என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

றபீக்காவும் நானும் அசனார் நானாவின் முன்னால் போய் நின்றோம்.

“பற்றரியா?” என்றார். “ஓம், காசு மாதிரி ஒண்டு இருந்த. நான்தான் கழட்டின.”

“ஏன் நானா?” என்றாள் றபீக்கா.

“ஏனா? பற்றரி எண்டாக் கழட்டத்தானே வேணும்! போன வருசம் ஒரு டோச் லைட் பெட்டிக்கு என்ன ஒரு பகல் முழுக்க வெயில்ல குந்த வச்சானுகள். வெலிக்கந்தைச் சென்றிக்கு இஞ்சால வாறத்துக்கு முன்ன எல்லாச் சாமானையும் தடவிப் பாத்து, பற்றரி இருந்தா கழட்டிப் போட்டுட்டுத்தான் வருவன்.”

“எங்க போட்ட?”

“வயலுக்குள்ள எறிஞ்சிட்டன்.” எங்கள் முகத்தைப் பார்த்துக் குரல் தணிந்தார். “அது முக்கியமான சாமானா தங்கச்சி?”

எனக்கு அவரோடு கோபம் வரவில்லை. அந்த இடத்தில் என் அம்மா இருந்தாலும் கழற்றியிருப்பார். நானும் கழற்றியிருப்பேன். கொழும்பிலுள்ள ஒருவருக்கு இது தோன்றியே இராது.

அவருடைய அடுத்த கொழும்புப் பயணம் ஜூன் பதின்மூன்று. நாங்கள் பட்டணத்துக்குப் போய் மணிக்கூடு திருத்துகிற மூன்று பேரிடம் கேட்டோம். குழியின் அளவைக் கடதாசியில் வட்டமாக வெட்டி வைத்திருந்தேன். மூன்றாவது ஆள் அதைக் கண்ணில் பொருத்திய கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தார், கடதாசி வட்டத்தில் ஏதோ தெரியும்போல. “இது மணிக்கூட்டுக்கு வாறல்ல பிள்ள. இந்த டிஜிட்டல் டயறியளுக்குத்தான் வரும். இஞ்ச ஒரு இடமும் எடுக்க ஏலா.”

றபீக்கா என்னைப் பார்த்தாள். “ஒங்கட ஊர்ல டிஜிட்டல் டயறி ஆருட்ட இரிக்கி?”

“அருமைநாயகம் சேரிட்ட,” என்றேன்.

“போய்க் கேளு. கடிக்கவா போறார்?”

“ரீச்சர விட்டுக் கேக்கலாம்.”

“குழிய ரீச்சரா பாத்த? கணக்கு ரீச்சரா போட்ட? போடி.”

கல்லடிப் பாலத்தில் நடந்து வரும்போது சொல்ல வேண்டியதை மூன்று வாக்கியமாக மனதுக்குள் அடுக்கினேன். பாலத்துச் சென்றியில் அடையாள அட்டையைக் காட்டுகிற நேரத்தில் இரண்டாவது வாக்கியம் கலைந்துபோயிற்று.

அருமைநாயகம் சேர் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன புள்ள, ரீச்சரக் கூட்டிக்கொண்டு வரல்லயா? இப்ப ஆரு உனக்குக் கதைக்கிறது?”

“கொம்பியூட்டர் மறக்குது சேர்.”

“என்னத்த மறக்குது?”

“நாள. நேரத்த. கரண்ட் போனா எல்லாத்தையும்.”

அவர் பேப்பரை மடித்தார். நான் அப்பவே சொன்னன் என்றார். மூன்று வருச உத்தரவாதம் என்றார். மூக்குத்தி என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன். எல்லாம் சொல்லி முடிந்த பிறகு, வேறு ஒரு குரலில், “ஏன் மறக்குது?” என்று கேட்டார்.

நான் சொன்னேன். கொப்பியை விரித்துக் காட்டினேன். ஐந்து விநாடிக்கும் அரை நிமிடத்துக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று அவர் கேட்டார், அது நல்ல கேள்வி. மின்தேக்கியைப் பற்றிச் சொன்னேன். டைனமோ றேடியோவைப் பற்றியும் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. அவருடைய மனைவி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

“அப்ப ஒரு பற்றரிதான் பிரச்சின,” என்றார். “எடுத்துப் போட்டாச் சரிதானே.”

“அது உங்கட டயறியில இருக்கிற மாதிரிப் பற்றரி சேர்.”

அவருடைய கை சட்டைப் பைக்குப் போய் அதை மூடியது.

“ஒரு கிழமைக்குத்தான். அசனார் நானா புதுசு கொண்டு வருவார்.”

“இதத் துறக்க ஏலாது. பின்னால ஸ்ரிக்கர் ஒட்டியிரிக்கு. கிழிஞ்சா உத்தரவாதம் போயிரும்.”

“எத்தனை வருச உத்தரவாதம் சேர்?”

அவர் டயறியைத் திருப்பிக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். “ஒரு வருசம்.” கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “தொண்ணூத்தாறில வந்தது.”

பிறகு அவர் தன் பெருவிரல் நகத்தால் ஸ்ரிக்கரின் ஒரு மூலையைக் கிளப்பினார்.

அம்மாவின் ஸ்குறூட்றைவர் என் பையில் இருந்தது. மூடியைக் கழற்றினேன். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் இரண்டு வட்டப் பற்றரிகள். மூடியின் உட்புறத்தில் எழுதியிருந்ததை வாசித்தேன். ஒன்று வேலை செய்ய, ஒன்று நினைவுக்கு. இரண்டையும் ஒன்றாகக் கழற்றக் கூடாது.

“வேலை செய்யிறத நான் எடுக்கிறன். நம்பர் எல்லாம் உள்ளுக்குள்ள இருக்கும். பாக்கத்தான் ஏலாது.”

“பாக்க ஏலாட்டி, இரிக்கெண்டு எனக்கு எப்பிடிப் புள்ள தெரியும்?”

ஏப்ரல் கூட்டத்தில் நான் கேட்டதைத்தான் அவர் என்னிடம் திருப்பிக் கேட்டார். தெரிந்து கேட்டாரோ என்னவோ. நான் மூடியைத் திரும்பப் போட்டேன். “முதல்ல எல்லாத்தையும் எழுதி எடுப்பம் சேர்.”

அவர் ஒவ்வொன்றாக அழுத்தி வாசித்தார். நான் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன். மகன், மருமகள், மகனுடைய வேலையிடம், கொழும்பில் ஒரு டொக்டர். பதினேழாவதில் நிறுத்தினார்.

“வினாயகமூர்த்தி. இது கச்சேரிக் கந்தோர் நம்பர்.” திரையைப் பார்த்தபடி இருந்தார். “இது வேணாம். தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு ஆள் இல்ல.”

நான் பேனையைத் தூக்கினேன். டயறி வந்தது தொண்ணூற்றாறில் என்று அவரே சொல்லியிருந்தார்.

“எழுது,” என்றார். எழுதினேன்.

பற்றரியை அவர் என்னிடம் தரவில்லை. கையில் பொத்திக்கொண்டு என்னோடு வாசிகசாலைக்கு நடந்து வந்தார். குழியின் மேல் நான் காட்டிய இடத்தில் தானே வைத்து அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது. நாள், நேரம், டிஸ்க் எல்லாவற்றையும் மறுபடி சொல்லிக் கொடுத்தேன். ரீச்சர் மெயின் சுவிச்சை நிறுத்தினார். அரை மணி நேரம் மூவரும் கதிரை போட்டு அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் இருந்தோம். அருமைநாயகம் சேர் கைமணிக்கூட்டை ஐந்து தரம் பார்த்தார்.

சுவிச்சைப் போட்டோம். பிழை வரவில்லை. 2000 ஜூன் ஏழு. நேரமும் சரி.

“மறக்கல்ல,” என்றார் அவர், மெதுவாக.

ஜூன் பத்தாம் திகதி காலை ஆறு மணிக்குக் கரண்ட் போய் ஒன்பது மணிக்குத்தான் வந்தது. பத்து மணிக்கு அலுவலர் வந்தார். கொழும்புத் தமிழர், என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். சங்கத்துப் பன்னிரண்டு பேரும் சுவரோரம் நின்றார்கள். றபீக்கா புத்தக அலுமாரிப் பக்கம் நின்று என்னைப் பார்த்து வாயசைத்தாள். நான் சுவிச்சைப் போட்டேன். கணினி சின்னதாகக் கூவிவிட்டு நேரே உள்ளே போயிற்று.

அலுவலர் ஒரு கடிதம் தட்டிப் பார்த்தார். சேமித்து, மூடி, மறுபடி திறந்தார். பிறகு விண்ணப்பத் தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

“என்ன கம்பனி?”

“பல கம்பனி,” என்றார் ரீச்சர்.

“உத்தரவாதக் கடதாசி?”

அவருடைய பேனை அந்தக் கட்டத்துக்கு மேலே நின்றது. “அது இல்லாட்டி எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். பழுதானா யாரிட்டக் குடுப்பீங்க?”

ரீச்சர் வழக்கம்போலத் தன் காதை என் பக்கம் சாய்த்தார். அவருடைய தோடு என் வாய்க்கு நேரே வந்து நின்றது. அதற்கு அப்பால் அருமைநாயகம் சேர், வெறுந்திரையோடு கிடந்த டயறியைச் சட்டைப் பைக்கு மேலால் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னிட்ட,” என்றேன்.

அலுவலர் நிமிர்ந்தார். “என்ன?”

“பழுதானா என்னிட்டக் குடுப்பாங்க. நான்தான் பூட்டினது.”

“நீங்களா?”

“எழுதுங்க தம்பி,” என்றார் அருமைநாயகம் சேர். “அன்னப்பூரணி. பௌதிகப் பட்டதாரி. விலாசம் நான் சொல்றன். பழுது வந்தா நடந்து போய்க் கதவத் தட்டலாம். உங்கட கம்பனிக்காரன்ட கதவு எங்க இரிக்கு?”

அலுவலர் சிரித்துவிட்டார். கட்டத்துக்குள் என் பெயரை எழுதினார். கீழே படிப்பிப்பவர் என்ற இடத்திலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனையை மூடிய பிறகும் அவர் எழும்பவில்லை. கணினிப் பெட்டியின் பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“நான் ஒவ்வொரு நாளும் இதில வேலை செய்யிறன். உள்ளுக்கு ஒரு நாளும் பார்த்ததில்லை. திறக்கலாமா?”

எங்கள் பெட்டியில் எந்த ஸ்ரிக்கரும் இல்லை. நான் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வந்து முதல் திருகாணியைக் கழற்றினேன்.